சொல்வளத்தை வைத்து அறிவை அளக்கலாமா?

வாதம் சூடுபிடித்திருக்கும். தடுப்பூசியோ, இட ஒதுக்கீடோ, ஏதோ ஒரு பொருள். ஒருவர் நடுவே ஓர் அரிய சொல்லைப் போடுவார். எதிராளி அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடுவார். அதோடு பேசவந்த பொருள் போயிற்று. “இந்தச் சொல்லுக்கே அர்த்தம் தெரியவில்லை, இவரெல்லாம் வாதாட வந்துவிட்டார்” என்று ஒரு கட்சி. “நாலு பெரிய வார்த்தை தெரிந்துவிட்டால் அறிவாளியா?” என்று இன்னொரு கட்சி.

இரண்டு கட்சிக்கும் ஆதாரம் இருக்கிறது. முதல் கட்சி உளவியலைச் சாட்சிக்கு அழைக்கலாம். நுண்ணறிவுச் சோதனையில் பல பகுதிகள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் வைத்து மொத்த மதிப்பெண்ணை ஊகிக்கச் சொன்னால், சொல்வளப் பகுதிதான் பெரும்பாலும் முன்வரிசையில் நிற்கும். மறுகட்சி தன் வீட்டையே காட்டலாம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டி வட்டிக்கணக்கை மனத்திலேயே போடுவார். ஊர்த் தகராறில் யார் எந்தப் பக்கம் சாய்வார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். இரண்டும் உண்மை என்றால், அவை எப்படிச் சேர்ந்து இருக்க முடியும்?

முதலில், சொல்வளத்தை எப்படி அளந்தார்கள் என்று பார்ப்போம். ஆல்ஃபிரெட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் பாரிஸில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சோதனையை உருவாக்கினார்கள். அதை அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஏற்பத் திருத்தி 1916இல் வெளியிட்டவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன். அதில் அவர் 100 சொற்களைச் சேர்த்தார். தன் விருப்பப்படி பொறுக்கியவை அல்ல. சுமார் 18,000 சொற்கள் உள்ள ஓர் அகராதியை எடுத்து, ஆறு பத்திக்கு ஒருமுறை அந்தப் பத்தியின் கடைசிச் சொல்லை எழுதிக்கொண்டார். ஆகவே பட்டியலில் ஒரு சொல் தெரிந்தால், அகராதியில் 180 சொற்கள் தெரியும் என்று கணக்கு. 8 வயதுப் பிள்ளைக்கு 20 சொல், அதாவது 3,600. 14 வயதில் 50. சராசரிப் பெரியவருக்கு 65, அதாவது 11,700.

பட்டியலில் ‘ஆரஞ்சு’ என்ற சொல்லும் உண்டு. ஆரஞ்சு என்றால் என்ன என்று கேட்கிறார் சோதிப்பவர். ‘அது தின்பது’ என்கிறது பிள்ளை. முழு மதிப்பெண். தாவரக் குடும்பம் சொல்ல வேண்டியதில்லை, வாக்கியம் அழகாக இருக்க வேண்டியதில்லை. அர்த்தம் தெரிந்திருக்கிறது என்று காட்டினால் போதும், நடை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று டெர்மன் விதி வகுத்திருந்தார். பின்னால் வந்த சோதனைகளிலும் இதே விதிதான். ஒரு சொல்லைக் கேட்டு, அதைத் தெரிந்த எளிய பேச்சில் விளக்கச் சொல்வது இந்தச் சோதனை. பெரிய சொல்லைப் பேச்சில் கொண்டுவந்து போடும் திறமையை அது அளக்கவே இல்லை. வாதங்களில் நாம் பார்ப்பதோ அந்த இரண்டாவதைத்தான். முதல் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

டெர்மனுக்குக் கிடைத்த முடிவு அவரையே உற்சாகப்படுத்தியது. இந்த 100 சொல்லில் பெற்ற மதிப்பெண்ணும் முழுச் சோதனையில் பெற்ற மதிப்பெண்ணும் ஏறக்குறையக் கைகோத்தே போயின. இப்படி இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குவதைப் புள்ளியியலில் ‘ஒட்டுறவு’ என்பார்கள். ஒன்றைத் தெரிந்துகொண்டாலும் மற்றது பற்றி ஒன்றுமே தெரியாது என்றால் அது 0. அப்படியே சொல்லிவிடலாம் என்றால் 1. நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் பணியாற்றிய டேவிட் வெக்ஸ்லர் 1939இல் பெரியவர்களுக்கான சோதனையை வெளியிட்டபோது, சொல்வளப் பகுதியை மாற்றுப் பகுதியாக ஓரத்தில்தான் வைத்திருந்தார். பள்ளி வாய்ப்பு இல்லாதவர்களுக்கும் வேற்று மொழி பேசும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கும் அது அநீதி செய்யுமோ என்ற தயக்கம். கணக்குப் போட்டுப் பார்த்ததில், ஓரத்தில் வைத்த அந்தப் பகுதிதான் மொத்த மதிப்பெண்ணோடு மிக நெருங்கி நின்றது. வெக்ஸ்லர் வரிசைச் சோதனைகளில் இந்த ஒட்டுறவு பொதுவாக 0.7, 0.8 என்ற அளவில் இருக்கிறது. உளவியலில் இது மிகப் பெரிய எண். ஆனாலும் வெக்ஸ்லரின் அந்த முதல் தயக்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல, சொல் எப்படி மனத்துக்குள் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பிரிஸ்பார்ட்டும் அவர் குழுவினரும் 2016இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 20 வயது அமெரிக்கருக்குச் சராசரியாக 42,000 அடிப்படைச் சொற்கள் தெரியும் என்பது அதன் சாரம். டெர்மனின் 11,700 எங்கே, இது எங்கே என்று தோன்றும். மனிதர்கள் அதற்குள் மாறிவிடவில்லை. டெர்மன் எடுத்தது சின்ன அகராதி, இவர்கள் எடுத்தது மூன்று மடங்குக்கும் மேல் பெரிய பட்டியல். எந்த அகராதியை வைத்து அளக்கிறோமோ அதற்கேற்ப எண் மாறும்.

42,000 சொல்லை 20 ஆண்டில் கற்கவேண்டும் என்றால், பிறந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் தினம் ஐந்தாறு சொற்கள். எந்த வாத்தியாரும் அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை. அகராதியைப் புரட்டி அர்த்தம் பார்த்த சொற்கள் மிகச் சிலவாகத்தான் இருக்கும். மற்றதெல்லாம் நாமாக ஊகித்துத் தெரிந்துகொண்டவை.

ஒரு பிள்ளை கதைப் புத்தகத்தில் இப்படி ஒரு வரியைப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மழை விட்டதும் ஆச்சி வாருகோலை எடுத்து முற்றத்துத் தண்ணீரைத் தள்ளினாள். வாருகோல் என்பது பிள்ளைக்குத் தெரியாது. கையில் எடுக்கும் பொருள், தண்ணீரைத் தள்ள உதவுவது என்பது மட்டும் புரிகிறது. மண்வெட்டியாக இருக்கலாம், கம்பாக இருக்கலாம், துடைப்பமாகவும் இருக்கலாம். நாலு பக்கம் தள்ளி, வாருகோல் தேய்ந்துவிட்டது, ஈர்க்கு வாங்கி வா என்று ஆச்சி சொல்கிறாள். மண்வெட்டியும் கம்பும் அந்த நொடியில் விழுந்துவிடுகின்றன. யாரும் சொல்லித்தராமல் பிள்ளைக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது. நடந்ததைக் கவனியுங்கள். சாத்தியங்களை மனத்தில் நிறுத்தி, புதுத் தகவல் வரும்வரை காத்திருந்து, பொருந்தாததைத் தள்ளியிருக்கிறது. புதிர் போடும்போது செய்வதும் இதுவே. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1980களில் வலியுறுத்தியது இதைத்தான். சொல்வளம் நுண்ணறிவோடு ஒட்டி நிற்பதற்குக் காரணம், ஒவ்வொரு சொல்லும் ஒரு சின்ன ஊகத்தின் விளைவு என்பது.

ஆனால் இந்த ஊகம் எல்லா முறையும் பலிக்காது. வில்லியம் நேகியும் அவருடைய சகாக்களும் 1987இல் பள்ளிப் பிள்ளைகளைச் சாதாரணமாகப் படிக்கவிட்டுப் பிறகு சோதித்தார்கள். தெரியாத ஒரு சொல்லை ஒருமுறை சந்தித்தால், அதன் அர்த்தம் மனத்தில் தங்கும் வாய்ப்பு 20இல் 1 என்ற அளவில்தான் இருந்தது. ஆக, சொல்வளம் சேர இரண்டு வேண்டும். சொற்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும். சந்தித்ததிலிருந்து அர்த்தத்தைப் பிடிக்கவும் வேண்டும்.

ஏரியில் நிற்கும் தண்ணீரைப் போன்றது இது. நீர்மட்டத்தைப் பார்த்து வரத்துக்கால்வாய் நன்றாக இருக்கிறதா என்று சொல்ல முடியுமா? பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டிலும் ஒரே மழை என்றால் சொல்லலாம். ஓர் ஏரி நிரம்பி இன்னொன்று பாதியில் நின்றால், இரண்டாவதின் கால்வாய் தூர்ந்திருக்கிறது என்று ஊகிப்பது சரி. ஒன்று குற்றாலத்துப் பக்கத்து ஏரி, இன்னொன்று ராமநாதபுரத்துக் கண்மாய் என்றால்? மட்டத்தில் தெரிவது பெரும்பாலும் மழைதான். சொல்வளம் ஏரித் தண்ணீர். கேட்டதும் படித்ததும் மழை. ஊகித்துப் பிடிக்கும் திறன் கால்வாய். முதல் கட்சி எல்லோர் தலையிலும் ஒரே மழை பெய்தது என்று வைத்துக்கொண்டு கால்வாயைக் குறை சொல்கிறது.

மழை எவ்வளவு வேறுபடும்? டொனால்ட் ஹேய்ஸும் மார்கரெட் ஆரென்ஸும் 1988இல் இதை எண்ணிப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் முதல் 10,000 சொற்களுக்கு வெளியே உள்ளவற்றை அரிய சொற்கள் என்று வைத்துக்கொண்டு, 1,000 சொல்லுக்கு அப்படி எத்தனை வருகின்றன என்று கணக்கிட்டார்கள். கல்லூரிப் பட்டதாரிகள் தங்களுக்குள் பேசும் பேச்சில் 17. குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்களில் 31. செய்தித்தாளில் 68. படித்தவர்கள் வாய்ப்பேச்சைவிடக் குழந்தைக் கதைப் புத்தகத்தில் அரிய சொல் அதிகம்! வீட்டில் புத்தகம் இருக்கிறதா இல்லையா என்பது ஒரு பிள்ளையின் சொல்வளத்தை என்ன பாடு படுத்தும் என்பதை இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மழையையும் கால்வாயையும் ஆய்வில் தனித்தனியே பிரிக்க முடியுமா? கீத் ஸ்டானோவிச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நீங்கள் எவ்வளவு படிப்பீர்கள் என்று நேராகக் கேட்டால் எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள். அதனால் எழுத்தாளர் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, தெரிந்தவற்றைக் குறிக்கச் சொன்னார்கள். பட்டியலில் எழுத்தாளரே அல்லாதவர்களின் பெயர்களையும் கலந்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் குறிப்பவர் அங்கே மாட்டிக்கொள்வார். இப்படிப் பெற்ற வாசிப்பு அளவை, மொழியே தேவைப்படாத புதிர்ச் சோதனையின் மதிப்பெண்ணோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். புதிர்த் திறன் சமமாக இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டாலும், அதிகம் படித்தவர்களிடம் சொல் அதிகம் இருந்தது. கால்வாய் ஒன்றுதான், மழை வேறு. மட்டம் மழையைப் பின்பற்றியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அளப்பவர் கையில் இருப்பது எந்த அகராதி? ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பின அமெரிக்க உளவியலாளர் 1972இல் 100 கேள்வி கொண்ட ஒரு சொல்வளச் சோதனையை உருவாக்கினார். சொற்கள் எல்லாம் கறுப்பின மக்களின் அன்றாடப் பேச்சிலிருந்து எடுத்தவை. வழக்கமான சோதனைகளில் பின்தங்கியவர்கள் அதில் முன்னே நின்றார்கள், வெள்ளையர் பின்தங்கினார்கள். அதை நல்ல நுண்ணறிவுச் சோதனை என்று யாரும் ஏற்கவில்லை. ஆனால் அவர் காட்டவேண்டியதைக் காட்டிவிட்டார். நம் கடற்கரையில் ஒரு மீனவரைக் கேட்டால் கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றையும், நீவாடு என்று நீரோட்டத்தையும் பிரித்துச் சொல்வார். எந்தக் காற்றில் எந்தப் பக்கம் வலை விடுவது என்பது அந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. நம் பள்ளித் தேர்வு எதிலும் அவை ஒரு மதிப்பெண்ணுக்கும் வந்ததில்லை.

இந்த விஷயத்தில் என் மனத்தை மிகவும் தைத்தது மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1969இல் எழுதியது. அந்நாளில் அமெரிக்காவில் கறுப்பின ஏழைப் பிள்ளைகளுக்கு மொழியே போதாது, ஆகவே சிந்தனையும் போதாது என்று கல்வியாளர்கள் சிலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 8 வயதுப் பையன் ஒருவனைப் பேட்டி கண்டபோது அதற்கு நிரூபணம் போலவே இருந்தது. பேட்டி எடுத்தவரும் ஹார்லெமைச் சேர்ந்த கறுப்பினத்தவர்தான், அன்பாகத்தான் கேட்டார். பையன் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான், அல்லது சும்மா இருந்தான். அடுத்த முறை அதே மனிதர் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கிக்கொண்டு போனார். பையனுடைய உயிர்த் தோழனையும் கூட்டிக்கொண்டார். நாற்காலியை விட்டு இறங்கி அறையில் தரையில் உட்கார்ந்தார். பெரியவர்கள் முன் பேசக் கூடாத பேச்சுகளைத் தானே தொடங்கிவைத்தார். இரண்டு பையன்களும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள், மறுத்தார்கள், காரணம் சொன்னார்கள். முந்தைய பேட்டியில் அளக்கப்பட்டது பையனின் அச்சம்.

அதே கட்டுரையில் லபோவ் இரண்டு பேரின் பேச்சைப் பிரித்து வைத்துக் காட்டுகிறார். ஒருவன் தெருக்கூட்டத்தில் சுற்றும் 15 வயதுப் பையன். கடவுள், சொர்க்கம் பற்றிக் கொச்சையாகப் பேசுகிறான். இன்னொருவர் கல்லூரி படித்த பெரியவர். மாந்திரீகம் பற்றி நல்ல நடையில் பேசுகிறார். பையனின் பேச்சிலிருந்து இலக்கணப் பிழைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு படியும் முந்தைய படியைத் தாங்கி நிற்கும் ஒரு வாதம் இருக்கிறது. பெரியவர் பேச்சில் தயக்கச் சொற்களையும் அலங்காரத்தையும் நீக்கினால் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். இரண்டே பேரை வைத்துப் பொதுவிதி கூற முடியாது என்பது உண்மை. ஆனால் பேச்சின் மேல்பூச்சும் உள்ளே ஓடும் வாதமும் வெவ்வேறு என்பதை நிறுவ அவ்விருவர் போதும்.

தண்ணீர் நிற்கும் காலத்துக்கும் கால்வாய் நன்றாயிருக்கும் காலத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் நுண்ணறிவை இரண்டாகப் பிரித்தார். புதிய சிக்கலை அவிழ்க்கும் திறனை நீர்ம அறிவு என்றும், கற்றுச் சேர்த்து வைத்ததைப் படிக அறிவு என்றும் தமிழில் சொல்லலாம். சொல்வளம் இரண்டாவது வகை. வயது ஏறும்போது இரண்டும் சேர்ந்து நடப்பதில்லை. ஜோஷுவா ஹார்ட்ஷோர்னும் லாரா ஜெர்மைனும் 2015இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், குறியீடுகளை வேகமாகப் பொருத்தும் திறன் 20 வயதை ஒட்டியே உச்சம் தொட்டது. சொல்வளமோ 60ஐத் தாண்டியும் ஏறியது. மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஹேசல் நெல்சன் 1982இல் பிரிட்டனில் உருவாக்கிய சோதனையில், எழுத்தைப் பார்த்து உச்சரிப்பைச் சொல்ல முடியாத 50 ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. முன்பே பழகியவருக்கு மட்டுமே அவற்றைச் சரியாக வாசிக்க வரும். மறதிநோய் தொடங்கியவரிடம் கூட இந்தப் பழக்கம் வெகுநாள் நிற்கிறது. அதனால் நோய்க்கு முன் அவர் திறன் எப்படி இருந்தது என்று மதிப்பிட இது உதவுகிறது. (எழுத்துக் கூட்டினால் பெரும்பாலும் ஒலி வந்துவிடும் தமிழில் இப்படி ஒரு சோதனை செய்வது கடினம்.) இன்றைய சிந்தனை தடுமாறும்போதும் நேற்றைய சொல் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்தச் சோதனையே நடக்கிறது.

இனி வாதத்துக்கு வருவோம். எல்லோருக்கும் ஒரே மொழி, ஏறக்குறைய ஒரே வாய்ப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஒட்டுறவு 0.7 என்றும் கொள்வோம். யாரோ இருவரைப் பிடித்து, சொல்வளம் அதிகமுள்ளவரே நுண்ணறிவுச் சோதனையிலும் முந்துவார் என்று பந்தயம் கட்டினால் 4இல் 3 முறை ஜெயிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 4இல் 2 முறை சரியாக வரும். அந்த ஒரு படி முன்னேற்றத்துக்கும் பல சொற்களை நிதானமாகக் கேட்டு மதிப்பிட்டிருக்க வேண்டும். சூடான பேச்சில் ஒருவர் தடுமாறிய ஒரே ஒரு சொல்லை வைத்து அவர் அறிவைப் பற்றிச் சொல்வதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

பெரிய சொல்லைப் போடுபவருக்காவது அதனால் லாபமா? டேனியல் ஓப்பன்ஹைமர் பிரின்ஸ்டனில் இருந்தபோது 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. மாணவர்கள் எழுதிய விண்ணப்பக் கட்டுரைகளை எடுத்து, சாதாரணச் சொற்களுக்குப் பதிலாக ஒருபொருட்பன்மொழி அகராதியில் கிடைத்த மிக நீளமான சொற்களைப் போட்டார். படித்தவர்கள், சொல் நீள நீள எழுதியவரை அறிவு குறைந்தவராக மதிப்பிட்டார்கள். சொல்லைத் தப்பாகப் பொருத்தியதால் அப்படி ஆகியிருக்கலாமே என்ற சந்தேகம் வருமல்லவா? அதற்காகத் தத்துவ அறிஞர் டெகார்ட்டின் ஒரே பத்திக்கு அச்சில் உள்ள இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளைக் கொடுத்தார். கடினமான மொழிபெயர்ப்பைப் படித்தவர்கள், எழுதியவர் டெகார்ட் என்று சொல்லப்பட்ட பிறகும், மதிப்பைக் குறைத்தார்கள். படிக்கச் சிரமப்படுகிறவர் அந்தச் சிரமத்தை எழுதியவர் கணக்கில் எழுதிவிடுகிறார்.

நம்மிடம் இந்தத் தவறு மிகவும் கொடுமையாக நடப்பது ஆங்கிலத்தில். கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்துப் பொறியியல் கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவர் வாய்மொழித் தேர்வில் நிற்கிறார். ஆங்கில மழை அவர் தலையில் பெய்யத் தொடங்கியது அந்தக் கல்லூரி வாசலில்தான். கேள்வியில் ஒரு சொல் புரியாமல் விழிக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் ‘விஷயமே தெரியவில்லை’ என்று குறித்துக்கொள்கிறார். நுண்ணறிவுச் சோதனை நடத்துபவர் ஒருவர் இப்படிச் செய்தால் அவர் மதிப்பீட்டைச் சக ஆய்வாளர் ஒருவரும் ஏற்கமாட்டார். சோதிக்கப்படுபவரின் மொழியில் சோதிப்பது அந்தத் துறையில் அடிப்படைப் பாடம். லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் 1922இல் பினே சோதனையை இந்துஸ்தானியில் அமைத்ததும், பிறகு வி. வி. காமத் கன்னடத்துக்கும் மராத்திக்கும் அதைப் புதிதாகத் தரப்படுத்தியதும் அதனால்தான். தேர்வாளர் அதே கேள்வியைத் தமிழில் இன்னொருமுறை கேட்கலாம். பதில் எளிய பேச்சில் வந்தாலும், கொச்சையில் வந்தாலும், மோட்டார் ஏன் சூடாகிறது என்பதை அந்த மாணவர் சரியாகச் சொன்னால், டெர்மனின் விதிப்படி அவருக்கு முழு மதிப்பெண்.